உங்க பிள்ளை

ஜூலை 3, திங்கள்
மேலிடத்திலிருந்து ஒரு படிவம். சிறப்புக் கல்வி பற்றிச் சிறப்பாசிரியர்களான எங்கள் கருத்து வேண்டுமாம். இருபது கேள்வி. ‘பாத்துப் போடுங்க டீச்சர், என் கையெழுத்தும் போகுது’ என்றார் தலைமையாசிரியை. உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே வகுப்பறை கொடுத்தவருக்கு என் கருத்து தெரியாதா என்ன?

ஜூலை 4, செவ்வாய்
கணக்குப் பரீட்சை தொடங்குமுன் மூன்றாம் வகுப்பு டீச்சர், அந்த மகராசி, ‘பட்டாசை’ப் பையோடு என்னிடம் அனுப்பிவிட்டாள். திடீர் திடீரென்று கத்துவதால் அந்தக் குழந்தைக்கு நான் வைத்த பெயர் அது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: ‘உங்க பிள்ளையை அனுப்பியிருக்கேன்.’ என் பிள்ளையா? பெயர் இருப்பது யார் வருகைப் பதிவேட்டில்? வகுப்பு சராசரி குறையும், அதனால் என் தலையில் கட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இனிமே அங்க போகாத. நீ என் பிள்ளைதான். இங்கயே இரு’ என்றேன். பட்டாசு சிரித்தாள்.

ஜூலை 5
ஆசிரியர் அறையில் மகராசியோடு சண்டை. தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 7, வெள்ளி
பதினான்காம் கேள்வி: குழந்தை பொது வகுப்பில் சேர முடியாததற்கு முக்கியக் காரணம்? ‘வகுப்பாசிரியர்’ என்று மையால் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியைக்கு முகம் சுருங்கியது. ‘இத எப்படி அனுப்புறது? திங்கக்கிழமையிலேருந்து அந்தப் பிள்ளை மூணாம் வகுப்பிலேயே உக்காரட்டும். போதுமா?’

போதும். மகராசிக்கு நன்றாக வேண்டும்.

ஜூலை 10, திங்கள்
பட்டாசைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மகராசி முதல் வரிசையில் இடம் ஒதுக்கி, பெஞ்சில் பெயர்கூட ஒட்டி வைத்திருந்தாள். எதிர்பார்க்கவில்லை. பட்டாசு வாசலிலேயே நின்றுவிட்டாள். இழுத்தால் கத்தல். மகராசி எழுந்து வந்து குனிந்து, ‘ஏம்மா வரமாட்டேங்கிற?’ என்று கேட்டாள். பட்டாசு என்னைக் கைகாட்டினாள்.

‘டீச்சர் போகாதன்னு சொன்னாங்க.’

முப்பது பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். மகராசி கரும்பலகைக்குத் திரும்பிப்போனாள். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் பாவி.

ஜூலை 11, செவ்வாய்
படிவம் இன்னும் போகவில்லை. திரும்ப வாங்கி, ‘வகுப்பாசிரியர்’ பக்கத்தில் ‘நானும்’ என்று எழுதினேன். முதலில் எழுதியதை அடிக்கவில்லை. மகராசி செய்ததும் செய்ததுதானே. அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பத்து மணிக்கு மறுபடி அந்த வாசல். ‘நான் சொன்னது தப்பு, உள்ள போ’ என்றேன், எல்லார் முன்னாலும். பட்டாசு பையை மட்டும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு என்னிடமே ஓடி வந்துவிட்டாள். சாயங்காலம் பையை எடுக்கப் போனோம். பெயர் ஒட்டிய பெஞ்சிலேயே இருந்தது. யாரும் நகர்த்தவில்லை.