அடுத்த மாதம் வரும் என்று நான் சொன்ன குழாய்

தோஸ்து,

நேற்று சாப்பிட வந்த என் அக்கா மகள், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே, சேமியாவை விடச் சற்றே தடித்த ஒரு வெள்ளைக் குழாய் ஸ்பிரிட்டில் மிதக்கிறது. அவள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் செயற்கை ரத்தக்குழாய். மூடியைத் திறந்தேன். உன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் வாசனை.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? திருவொற்றியூரில் நான் தும்மினால் எண்ணூரில் கப்பல் தள்ளாடும் என்று சொல்லித் திரிந்தவன். காசிமேட்டில் ஒரு சுறாவைக் காதைத் திருகிக் கடலுக்குத் திருப்பி அனுப்பியவன். தொழிற்சாலையில் முப்பது வருடம் என்னோடு பைப் ஃபிட்டராக இருந்த நீ, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாதுகாப்பு விதியே இதுதான்: "மாமு சொல்றதுல பத்துல ஒண்ண எடுத்துக்கோ. மீதிய டிரைனேஜ்ல வுட்டுடு."

பிறகு உன் கால்விரல் கறுத்தது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, நல்ல காலிலிருந்து ஒரு ரத்தநாளத்தை எடுத்து மாற்றுவழி போட வேண்டும், இந்த வாரமே செய்ய வேண்டும் என்றார் டாக்டர். வாழ்க்கை முழுக்க அடைத்த பைப்புகளுக்கு மாற்றுவழி போட்ட நீ மிரண்டு போனாய். "நல்லா கீற காலையும் கிழிப்பாங்களாம்டா."

நான் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடை பெஞ்சுதான் எனக்குச் சிம்மாசனமாயிற்றே!

"ஒண்ணியும் கிழிக்க வேணாம். நம்ம அக்கா பொண்ணு கண்டுபுடிச்சிட்டா. நூலா நூத்த குழா. உள்ள வெச்சா, உன் சதையே அதும்மேல ஏறி புதுக் குழா வளரும். வெச்சது கரைஞ்சி பூடும். அடுத்த மாசம் வந்துடும்."

"கரைஞ்சி போற பைப்பா? லீக் ஆவாதா? இன்னா ரீல் வுடுற?" என்று சிரித்தாய்.

வழக்கம்போல நீ பத்தால் வகுத்துக்கொள்வாய் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாளும் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, செருப்பு நுழையாத காலோடு ராயபுரத்துக்கு என் வீடு தேடி வந்தாய். அக்கா மகளும் இருந்தாள். அவளிடம் கேட்டாய்: "பாப்பா, நெசமாவே அடுத்த மாசம் வருதா? ஆபரேசன் வேணாம்னு டாக்டராண்ட சொல்லிட்டேன்."

உன் முகத்தில் சிரிப்பு இல்லை. முழுசாக நம்பியிருந்தாய். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அவள் பதறினாள். "அங்கிள், அது இன்னும் முயலுக்குத்தான்..."

நான் குறுக்கே பாய்ந்தேன். "படிச்சவங்க அப்டித்தான் அடக்கி வாசிப்பாங்க. நீ பிரியாணிய துன்னு."

உண்மை தெரிந்தால் உன் முன்னால் நான் ஒரு நிமிடம் சின்னவனாகிவிடுவேன். அதற்காகத்தான். நீ நிம்மதியாகச் சாப்பிட்டாய். சமையலறையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்." நானே சொல்கிறேன் என்று அவள் நம்பும்படி சத்தியம் செய்தேன். சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் உன் காலை எடுத்தார்கள். அடுத்த மாதம் நீயே இல்லை. மூலக்கொத்தளத்தில் உனக்கு மண் போட்ட பிறகுகூட, குழாய் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை உன் மனைவி வந்தாள். அவள் தம்பிக்கும் விரல் கறுத்துவிட்டதாம்.

"ஆபரேசனுக்கு ஒத்துக்காதடான்னு சொல்லி வெச்சிருக்கேண்ணா. அவருக்குத்தான் லேட்டாயிடுச்சு. இவனுக்காச்சும் அந்தக் குழா வந்துடும்ல?"

"இல்லம்மா. இன்னும் முயலுக்குத்தான் வெச்சிப் பாக்குறாங்க. மனுசனுக்கு எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கே அவன ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

"அப்போ எங்கூட்டுக்காரராண்ட சொன்னது?"

"பொய்."

என்னையே பார்த்தாள். வையக்கூட நிற்கவில்லை. போனை எடுத்து, "டேய், கெளம்புடா, ஆஸ்பத்திரிக்கு" என்று தம்பியிடம் கத்திக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

அதைச் சொல்ல ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாயங்காலம் வரை என் வீட்டில்தான் இருந்தாய்.