சென்னியம்மாளின் பச்சை ரவிக்கை

ஜேடர்பாளையம்,
2-1-1938

அன்புள்ள பழனியம்மாளுக்கு,

இங்கே மாடு கன்றும் நானும் சௌக்கியம். உன் அண்ணனுக்கு மட்டும் சளி. உலகத்திலேயே முதல் சளி அவருக்குத்தான் பிடித்திருக்கிறது.

தை மாதம் தம்பி மயில்சாமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்காள் நான். இணைச்சீர் நான்தான் செய்ய வேண்டும். கூறைச்சேலைக் கூடையைத் தலையில் வைத்து அத்தனை சனத்துக்கும் முன்னால் நடப்பதற்கு, இந்த நாற்பது வயதில் முதல்முறையாக ரவிக்கை போடுவதென்று முடிவு கட்டிவிட்டேன். பச்சையில், உன் மிஷினில் தைத்துக் கொடு.

இங்கே தைப்பவர் ஆண்பிள்ளை. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு நானே நூலால் அளந்து அனுப்பியிருக்கிறேன். சின்ன நூல் கை. பெரிய நூல் மார்பு; ஒரு நூல் எட்டாமல் முடிச்சுப் போட்டு நீட்டினேன். வெளியே சொல்லாதே.

பெரியப்பா மகள் பொன்னாத்தாள்தான் இடைஞ்சல். தைத்த துணியோடு சீர் செய்யக் கூடாதாம். நான் ரவிக்கையோடு வந்தால் கூடையைத் தானே தூக்குவதாகச் சொல்லித் திரிகிறாள்.

இப்படிக்கு,
சென்னியம்மாள்


சேலம்,
6-1-1938

அடி சென்னி,

நூல் வந்தது. பட்டம் விடவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

கையைத் தொங்கவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து அளந்திருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? இந்த அளவு கோயில் சிலைக்குச் சரி. நீ கூடை சுமக்கப் போகிறவள். கையைத் தூக்கியதும் கக்கத்தில் கிழியும், பொன்னாத்தாள் பொங்கல் வைப்பாள். கூடையைத் தலையில் ஏற்றி, மூச்சை விட்டு மறுபடி அள.

உன்,
பழனியம்மாள்


ஜேடர்பாளையம்,
10-1-1938

பழனி,

கை இரண்டும் கூடையில். நூலைப் பிடிப்பது யார்? வெட்கத்தை விட்டு உன் அண்ணனையே கூப்பிட்டேன். சந்தையில் காளை பார்ப்பவர் மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். "மூச்ச உடு புள்ளே, நாந்தானே இருக்கறேன்" என்றார். விட்டேன். இன்னொரு முடிச்சு விழுந்தது. நூலை அனுப்பியிருக்கிறேன், சிரிக்காமல் தை.

சென்னி


ஜேடர்பாளையம்,
1-2-1938

என் தங்கமே பழனியம்மா,

நீ வராமல் போனாயே!

பொன்னாத்தாள் முந்திக்கொண்டு கூடைப் பக்கத்தில் போய் நின்றாள். சீரெல்லாம் நடத்தி வைக்கிற அருமைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தச்ச துணி சீருக்கு ஆகாதுங்க அம்மணி" என்றார். சுற்றிலும் சனம். கூடை கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தம்பி கண்ணில் பட்டான். ஈரோட்டில் அளவு கொடுத்துத் தைத்த கோட்டுக்குள் வெந்துகொண்டு நின்றான்.

"அப்ப மாப்பிளை கோட்டையும் கழட்டச் சொல்லுங்க. நானும் மாத்திக்கிட்டு வாரேன்" என்றேன்.

தம்பி இரண்டு கையாலும் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். கல்யாணத்தை விட்டாலும் விடுவான், கோட்டை விடமாட்டான் போலிருந்தது. பெண் வீட்டார் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அருமைக்காரர் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"நேரமாகுதுங்க. கூடையத் தூக்குங்க அம்மணி."

தூக்கினேன். ஒரு தையல் விடவில்லை, பழனி. பொன்னாத்தாளே விலகி வழிவிட்டாள். யானை மாதிரி நடந்தேன், உருவமும் ஒத்துழைத்தது.

ஊர் திரும்ப உன் அண்ணன் கூண்டு வண்டி பூட்டினார். அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டு மொட்டை வண்டியில் ஏறி, நல்ல உச்சி வெயிலில், வழியிலிருக்கிற ஊரெல்லாம் பார்க்க ஜேடர்பாளையம் வந்து சேர்ந்தேன்.

உன்,
சென்னியம்மாள்