காலை ஒன்று, மாலை ஒன்று

12-6-62, செவ்வாய்
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்றைக்கு அத்தானின் லேகிய உருண்டையில் ஒன்றைக் களவெடுத்துத் தின்றேன். வயது நாற்பத்தாறு, உத்தியோகம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அக்கா கோப்பி போடக் குசினிக்குள் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன்.

அத்தான் வீரகத்தி எட்டு வருடமாக அபின்காரன். காடு வெட்டிக் காணி திருத்திய காலத்தில் முதுகு நோவுக்கென்று தொடங்கியது. போன வருடம்தான் நாட்டு வைத்தியர் ஏரம்புப் பரியாரியாரின் கையில் அகப்பட்டார். ஒரேயடியாக நிறுத்தினால் ஆள் துடித்துப்போகும் என்று, அபினுக்குப் பதிலாக அபின் கொஞ்சம் கலந்த லேகியம். காலை ஒன்று, மாலை ஒன்று. மாதாமாதம் உள்ளே அபின் குறையும்; உருண்டை மட்டும் அதே பருமன். இப்போது எவ்வளவு என்று கேட்டால் பரியாரியார் வெற்றிலையைக் குதப்புவார்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் தின்றேன். பார்த்தாயிற்று. கடைக் கதிரையில் வாயைப் பிளந்தபடி நாலு மணித்தியால நித்திரை. விமலேஸ்வரி ரீச்சர் தானே சீனியை நிறுத்து எடுத்துக்கொண்டு போனாவாம். போகிற வழியில் மாங்குளம் முழுக்கச் சொல்லிக்கொண்டும் போனாவாம்.

14-6, வியாழன்
கடைக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள். திறந்து கிடக்கிற கதவை.

19-6, செவ்வாய்
விறகு ஏற்றின வண்டில் குடைசாய்ந்து அத்தானின் தொடை முறிந்துவிட்டது. லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் அக்கா என் கையைப் பிடித்தா.

"தம்பி, அபின் கதையை எடுத்திடாதை. அந்தாள் பிறகு ஊருக்குள்ள தலை நிமிராது."

மருந்து ஏதும் எடுக்கிறவரோ என்று டாக்குத்தர் கேட்டார். இல்லை என்றா அக்கா. முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. எங்கள் வீட்டில் மருந்து என்றால் போத்தலில் வருவது, இது லேகியம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நோவுக்கு மோர்பியா ஊசி போட்டார்கள். கத்தல் நிற்கவில்லை. பின்னேரம் மாலை உருண்டையை அக்கா சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொடுத்தா. அதற்கும் நிற்கவில்லை.

20-6, புதன்
இன்றும் அதே கத்தல். என்னைக் கண்டதும், "மச்சான், என்னைக் கொண்டுபோய்க் குளத்தில போடு" என்றார். வழக்கம்போல ஒரு பகிடி விட வாயைத் திறந்தேன். வரவில்லை.

ஊசி ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மோர்பியாவும் அபினில் எடுக்கிறதுதானே; அபினில் ஊறின உடம்புக்கு ஒரு சொட்டு எந்த மூலைக்கு? எவ்வளவு நேரம் சுவரைப் பார்க்கிறது? டாக்குத்தரின் பின்னால் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பழகின உடம்புக்கு ஊசியைக் கூட்டலாம், பழக்கம் விட்ட உடம்புக்குக் கூட்டினால் மூச்சு நின்றுவிடும் என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். இப்பவும் எடுக்கிறாரோ?"

"ஓம் ஐயா. காலையும் மாலையும். நானே ஒண்டு திண்டு பாத்தனான், நாலு மணித்தியாலம் செத்த பிணம் மாதிரிக் கிடந்தன்."

சிரித்தார். உருண்டையை இனிக் கொடுக்கக்கூடாது, ஊசியும் அதுவும் சேர்ந்தால் ஆபத்து என்று சொல்லி அக்காவிடம் இருந்த லேகிய டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். ஊசியைக் கூட்டி எழுதினார்.

பின்னேரம் அத்தான் அமைதியாகக் கிடந்தார். "இப்பதான் மச்சான், கால் எண்ட ஒண்டு இல்லாத மாதிரி." அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பரவாயில்லை. அவர் கத்தவில்லை, அது போதும்.

21-6, வியாழன்
விடியப்புறம் அத்தான் போய்விட்டார். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்ததாம்.

29-6, வெள்ளி
எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்தது. அபின்தான் ஆளைக் கொண்டுபோனது என்று சங்கக்கடை வாசலிலேயே கதைக்கிறார்கள். நான் வந்தால் நிறுத்துகிறார்கள். வேறு நாளென்றால் அந்தக் கதைக்கு நான்தான் கை கால் வைத்திருப்பேன்.

அக்கா சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறா. நான் என்ன செய்திருக்க வேணும்? வாயைப் பொத்திக்கொண்டு அவர் கத்திக் கத்திச் சாகிறதைப் பார்த்திருக்கவோ? மறைத்தது அவா. நான் உண்மையைத்தானே சொன்னனான். டாக்குத்தரும் தெரிந்த மனுசன், கேட்டுத்தானே கூட்டினவர். வேளை வந்தது, போனார். திரும்பத் திரும்ப இதைத்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

21-7, சனி
அத்தானின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். பந்தியில் ஏரம்புப் பரியாரியார் எனக்குப் பக்கத்தில் இருந்தார். கடைசியாக உருண்டைக்குள் எவ்வளவு அபின் வைத்தனீங்கள் என்று கேட்டேன். இன்றைக்கு அவருடைய வாயில் வெற்றிலை இல்லை.

"சித்திரையோட நிப்பாட்டிப் போட்டனே. பிறகு பனங்கட்டியும் சுக்கும்தான். தெரிஞ்சால் மனுசன் பயந்திடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."