மாடன் நிற்கிற பழைய ஆட்டம்

அன்புள்ள மகன் ஹரிக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகள் கோகிலவாணியும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதினால் பாதி பொய். எனக்கு இடுப்பு வலி, வாதத்தில் விழுந்த அம்மாவின் வலது கை இன்னும் வழிக்கு வரவில்லை, மற்றபடி பீப்பாய் வியாபாரம் ஓடுகிறது. போனில் பேசினால் இந்த ஒற்றை அறையில் எல்லாம் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், கோகிலவாணியை வாசிக்கச் சொல்லிக் கேள்.

நீ அனுப்பிய புது கேம் மெஷின் வந்து சேர்ந்தது. மாஹிமிலிருந்து அம்மாவின் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் சஃபீனா, பந்தை அமுக்குங்க அமுக்குங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், விரலுக்கு ஆசையா ஒரு வேலை கொடுங்க அங்கிள், இல்லேன்னா கை இப்படியே நின்னுடும் என்றாள். அதை உன்னிடம் சொன்னதும், நீ சின்ன வயதில் ஆடிய கோட்டை ஆட்டத்தையே இப்போது புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று வாங்கி அனுப்பினாய், பரணில் கிடக்கிற பழையதைக் கண்கொண்டு பார்க்க முடியாது, தூக்கிப் போடுங்கள் என்றும் சொன்னாய். புதுசில் படம் பிரமாதம், புல் கூட அசைகிறது. ஆனால் ஒரு குமிழைத் தள்ளி நடக்க வேண்டும், இன்னொன்றைத் தள்ளித் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குள் எவனோ வந்து வெட்டிவிடுகிறான், அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. ஆடியது அழியாமல் சேவ் பண்ணுகிற இடத்தில் பழைய கல்லும் இல்லை, இறக்கை வைத்த பொம்பளைச் சிலை ஒன்று நின்று மினுங்குகிறது. மாடன எங்க தூக்கிட்டுப் போயிட்டானுவ என்று கேட்டுவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சஃபீனாவிடமும் கையை நீட்டவில்லை. எனக்கு வெறுத்துவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும், அடி அகலமாய், மேலே போகப் போகக் குறுகி நிற்கும் அந்தக் கல்லைச் சுடலைமாடன் பீடம் என்றே நினைத்துக்கொண்டு, ஆட்டத்தில் வருகிற ஆளைக் காட்டி அம்மா, ஏலே, அவன செருப்பக் கழத்தச் சொல்லு, கும்பிட்டுட்டுப் போகச் சொல்லு என்று உன்னை விரட்டுவாள். அன்றிலிருந்து நம் வீட்டில் சேவ் என்ற பேச்சே கிடையாது, கும்பிடு என்றுதான் சொல்வோம்.

சரி என்று பழையதை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். பழைய பீப்பாயைத் தட்டிப் பார்த்து விலை சொல்கிறவன் நான், உள்ளதைச் சொல்கிறேன். சரக்கு தேறாது. ஆள் முகம் அட்டையை மடித்து ஒட்டியதுபோல் இருக்கிறது, அவனைத் திருப்புவது கைவண்டியைத் திருப்புவது மாதிரி, சுவர் ஓரம் போனால் சுவர்தான் தெரிகிறது, ஆளைக் காணோம். இன்றைக்கு இதை ஒருத்தன் தலையில் கட்ட முடியாது. ஆனால் அது காத்திருக்கிறது, ஹரி. விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறான், வருகிற எதிரியும் ஆடி அசைந்துதான் வருகிறான். அம்மாவுக்கு அதுதான் தோது. இடது கையால் நடத்திவிடுகிறாள், கதவு திறக்க வலது கட்டைவிரல்தான் அழுத்த வேண்டும், அதற்கு அவளுக்கு மூச்சு வாங்குகிறது, அதுவரை கதவும் பொறுத்துக்கொள்கிறது. இப்படியே தள்ளித் தள்ளி நேற்றுச் சாயங்காலம் அவனைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். கும்பிடு என்றேன். நான் சொன்னது பொத்தானை. அவள் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு இடது கையைத் தூக்கினாள். வலது கை பாதி வரைக்கும் ஏறி நின்றுவிட்டது, இடது கை இறங்கி வந்து அதோடு சேர்ந்துகொண்டது. அதற்குள் கரண்ட் போய்விட்டது. பொத்தானை அழுத்தாததால் ஆட்டம் அத்தனையும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்று காலையில் காபி குடிக்கும் முன்னே டிவியைப் போடச் சொல்லிவிட்டாள்.

இனிமேல் புதுசு எதையும் அனுப்பாதே. பழைய கன்ட்ரோலர் வயர் நைந்துவிட்டது, அதே மாதிரி அங்கே கிடைத்தால் ஒன்று தேடி வை, மறந்துவிடாதே. உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். அம்மாவையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன், அவன் நெத்தியில திருநீறு வலது கையாலதான் பூசுவேன், அதுவரைக்கும் பொறுத்துக்கிடச் சொல்லுங்க என்கிறாள், ஆகவே இந்தத் தடவை என்னுடையது மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகநயினார்
தாராவி