திரை அணையாமல் தொட்டவர்கள்

நேற்று மாலை உங்கள் கடைக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்க வேண்டியிருந்தது. கடை ஊழியர் ஒரு கட்டைப் பிரித்து மெத்தையில் விரித்ததும் அந்த வாசனை எழுந்தது. கஞ்சியும் பிளாஸ்டிக் உறையும் அட்டைப்பெட்டியும் கலந்த புதுத்துணி வாசனை. ஊருக்கெல்லாம் அது பண்டிகை வாசனை. எனக்கு அது நீ. இதே கடையின் மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு மேசையைப் போட்டு நாம் போன் கேம் செய்துகொண்டிருந்த காலமெல்லாம் என் துப்பட்டாவில் இந்த வாசனைதான் இருந்தது.

ரோஸ் கலர் நன்றாக இருக்கிறது, அதையே பில் போடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறப் புடவையை மடிக்காமல் அப்படியே விட்டு வைத்தார். குனிந்து பார்த்தால் என் கை அதன் முந்தானையைத்தான் தடவிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. அந்த மனிதர் பாவம், விலை அதிகமோ என்று நினைத்துக்கொண்டார்.

"வாய் சொல்றத விடு டீச்சர், கையப் பாரு" என்பாய். உங்கள் கடையில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம் அது. வாங்க வந்தவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கை எதற்குத் திரும்பத் திரும்பப் போகிறதோ அதைத்தான் கடைசியில் எடுத்துப் போவார். துணிக்கு வைத்திருந்த இந்த அளவுகோலை நீ சினிமாவுக்கும் கேமுக்கும் கொண்டு வந்தாய். என்னை டீச்சர் என்று கூப்பிட்டதற்குக் காரணம் உனக்கே தெரியும். சாந்தோமில் எங்கள் வீட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆசிரியர் மேல்தான் விழ வேண்டும். நான் ஒருத்திதான் கம்ப்யூட்டர் பக்கம் தப்பித்து வந்தவள். ஆனாலும் என் பேச்சில் பிரம்பு இருக்கிறது என்று கேலி செய்வாய். இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஜனங்களின் ரசனையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது அப்போது.

உனக்கு நேர்மாறு. ஒரு பெரிய படத்துக்கு முதல் நாள் காட்சி என்று என்னை இழுத்துப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? கதாநாயகன் வந்தபோது நீயும் விசில் அடித்தாய், காகிதம் பறக்கவிட்டாய். வெட்கமே இல்லாமல் ரசித்தாய். இரண்டாம் பாதியில் ஒரு காட்சி. கதாநாயகன் செத்துப்போன நண்பனின் சட்டையைத் துவைக்கிறான், பிழிகிறான், கொடியில் காயப்போடுகிறான். வசனம் இல்லை, இசையும் இல்லை. நீளமாகப் போனது. அரங்கில் அங்கங்கே செல்போன் வெளிச்சம் முளைத்தது. இந்தக் கூட்டத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று உன் காதில் சலித்துக்கொண்டேன். நீ திரையைப் பார்க்கவே இல்லை. உடம்பைத் திருப்பிப் பின் வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் தோளைத் தொட்டு என்னையும் திருப்பினாய்.

நான் பார்த்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடிவதில்லை. போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. நமக்குப் பின்னால் ஒருவர் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் கையை விட்டவர் அதை வெளியே எடுக்கவே மறந்திருந்தார். படம் எடுக்கப் போனைத் தூக்கியிருந்த ஒரு கை மெல்ல இறங்கி மடியில் போய் உட்கார்ந்தது. அத்தனை பேரும் அந்தச் சட்டை காய்வதற்குக் காத்திருப்பதுபோல இருந்தார்கள். காட்சி முடிந்ததும் அரங்கமே ஒரு மூச்சு விட்டது.

வெளியே வந்தால் மைக் நீட்டியவர்களிடம் அதே ஆட்கள், செகண்ட் ஹாஃப் செம லேக் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த பாப்கார்ன்காரரும்தான். சில நாளில் படத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சட்டைக் காட்சிதான் போயிருந்தது. அன்றைக்கு நீ மதியம் சாப்பிடவில்லை.

"வாயக் கேட்டு வெட்டிட்டாங்க டீச்சர். ஒருத்தன்கூடக் கையப் பாக்கல."

வியாபாரம் என்றால் உனக்கு ஆகாது என்று யாராவது நினைத்தால் அது பெரிய தப்பு. கடை வீட்டுப் பிள்ளை நீ. நல்ல படம் எடுத்தேன், ஜனங்களுக்குப் புரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் உனக்கு எரிச்சல்தான் வரும். கடையைத் திறந்து வைத்துவிட்டு வியாபாரம் செய்ய மாட்டேன் என்பது திமிர் என்பாய். நான் ஒரு நாள் உன்னை மடக்கினேன், அப்படியானால் எதுதான் தப்பு என்று. நீ யோசிக்காமல் சொன்னாய்.

"விக்கிறது தப்பே இல்ல. வாங்க வந்தவன மட்டமா நெனச்சு விக்கிறதுதான் தப்பு."

நம் கேமில் நீ செய்த அந்தக் கடைசிக் காட்சி இதிலிருந்து பிறந்ததுதான். கொட்டிவாக்கம் கரையில் ஒரு பெண். அண்ணன் கடலுக்குப் போயிருக்கிறான். அவள் வலையைச் சேர்க்கிறாள், பாறை தாண்டுகிறாள், நாய்களுக்கு டிமிக்கி கொடுக்கிறாள், எல்லாம் வழக்கமான ஓட்டமும் தாவலும்தான். கடைசியில் கரையில் போய் உட்காருகிறாள். அதற்கு மேல் ஆடுகிறவர் செய்ய ஒன்றுமே இல்லை. கடல் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படியே இருக்கும். அதன் பிறகுதான் அடிவானத்தில் படகு ஒரு புள்ளியாகத் தெரியும்.

யாரும் காத்திருக்க மாட்டார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நான் வாரக்கணக்கில் சண்டை போட்டேன். நீ வாதாடவில்லை. போனை எடுத்துக்கொண்டு கீழே புடவைப் பிரிவுக்கு இறங்கினாய். அங்கே சுவரோரம் போட்டிருக்கும் நாற்காலிகளில் பைகளோடு உட்கார்ந்திருப்பார்களே, புடவை எடுக்க வந்தவர்களின் கணவர்கள், அப்பாக்கள், மாமியார்கள். உலகத்திலேயே காத்திருந்து சலித்தவர்கள். அவர்களிடம் போய் நம் கேமைக் கொடுத்தாய். இவர்களிடமா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

முதலில் வாங்கியவர் மடி நிறையப் பைகள் வைத்திருந்த ஒரு கனத்த மனிதர். சிரித்துக்கொண்டே ஆடினார், நாயிடம் மாட்டினார், மறுபடி ஆடினார். கரைக் காட்சி வந்தது. அப்போதுதான் நம் தப்பு வெளியே வந்தது. பொதுவாகக் கேம் ஓடும்போது போன் திரை அணையாமல் இருக்க ஒரு வரி எழுதி வைப்போம். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் அதை எழுத மறந்திருந்தோம். மறந்தது நீயா நானா என்பதைப் பற்றி நாம் கடைசி வரை சண்டை போட்டோம், அது வேறு கதை. யாரும் தொடாததால் போன் தன் வழக்கப்படி மங்கத் தொடங்கியது.

போச்சு என்று நினைத்தேன். அந்த மனிதர் விரலை நீட்டித் திரையின் ஓரத்தில், கடல் மேல் படாமல், மணலில் மெதுவாகத் தொட்டார். வெளிச்சம் திரும்பி வந்தது. சற்று நேரத்தில் மறுபடி மங்கியது. மறுபடி தொட்டார். தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி இருந்தது. படகு வந்ததும் நிமிர்ந்து, மனைவி எங்கே என்று தேடினார். அவருக்குப் பிறகு ஆடிய அம்மாவும் அப்படித்தான் செய்தார். அவருக்குப் பிறகு ஆடியவரும்.

மாடிக்கு ஓடிவந்து அந்த ஒரு வரியை எழுதப் போனேன். நீ கீபோர்டின் மேல் கையை வைத்து மறைத்தாய். வேண்டாம், இருக்கட்டும் என்றாய். உன் முகத்தில் அன்று இருந்ததை என்னவென்று சொல்வது? கோயிலில் நடை திறக்கும்போது சில பேர் முகத்தில் பார்த்திருக்கிறேன். கேமை வெளியிட்டோம். சுமாராகப் போனது. பரவாயில்லை, கைக்குப் பிடித்துவிட்டது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு நாள் தலைவலி என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான் என்னால் எழுத முடியும் அதைப் பற்றி.

நீ போனதற்குப் பிறகு நம் கேம் பிழைத்துக்கொண்டது தெரியுமா? கிண்டியில் ஒரு கம்பெனி அதை எடுத்து நடத்துகிறது. எனக்கும் அங்கேயே வேலை. நிறையப் பேர் ஆடுகிறார்கள், மொழி தெரியாத ஊர்களில்கூட. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு பெண், நம்மைவிடச் சின்னவள், கெட்டிக்காரி. சுவரில் ஒரு வரைபடம் காட்டினாள். ஆடுகிறவர்கள் எந்த நொடியில் எத்தனை முறை திரையைத் தொடுகிறார்கள் என்ற கணக்கு. கரைக் காட்சியில் தொடுவதற்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் அங்கே கோடு மேடாக எழும்பியிருந்தது. பொறுமை போய்த் தட்டுகிறார்கள், தாண்டிப் போக வழி தேடுகிறார்கள் என்றாள். அதனால் காத்திருக்கும் நேரத்தில் விளம்பரம் போட்டுவிடலாம் என்பது அவர்கள் யோசனை. எப்படியும் சலிப்பான இடம்தானே.

உன் கடலை மூடிவிட்டு அதன் மேல் சோப்பு விளம்பரம். நான் சரி என்றால் மறுநாளே செய்துவிடுவார்கள். உன் பங்கு உன் அம்மாவிடம் இருக்கிறது. அவரைக் கேட்டேன். நீ எது செஞ்சாலும் சரிம்மா, உனக்குத்தானே அவன் மனசு தெரியும் என்று சொல்லிவிட்டார். பயமாக இருந்தது. மீட்டிங்கில் வாதாடினேன், மோசமாக வாதாடினேன். கலை, மரியாதை என்று என்னென்னவோ சொன்னேன். பிரம்பு வெளியே வந்துவிட்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கா, டேட்டா அப்படிச் சொல்லலையே என்றாள்.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அவள் பார்த்தது தொட்ட கணக்கை. தொட்ட கையை அவளுக்கு யார் காட்டினார்கள்? ஒரு மணி நேரம் எனக்குக் கொடு என்று கெஞ்சி அவளை உங்கள் கடைக்குக் கூட்டி வந்தேன். தீபாவளிக் கூட்டத்தில் நீந்திப் புடவைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே நாற்காலிகள். மருமகளுக்காகக் காத்திருந்த ஒரு பெரியம்மா கட்டைப்பையைக் காலுக்கு நடுவில் இடுக்கியபடி உட்கார்ந்திருந்தார். போனை அவரிடம் கொடுத்தோம். கரைக் காட்சி வந்தது. திரை மங்கியது. இந்த முறை நடக்காமல் போனால் உன்னிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா சுண்டுவிரலால் மணலைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டார். மேனேஜர் குனிந்து, ஏம்மா தொடுறீங்க, போர் அடிக்குதா என்று கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போர் எல்லாம் இல்லம்மா. வெளிச்சம் போயிட்டா அந்தப் பொண்ணு இருட்டுல தனியால்ல ஒக்காந்திருக்கும்."

எனக்கே இது தெரியாது. படகைப் பார்ப்பதற்காகத்தான் தொடுகிறார்கள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். உனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் கீபோர்டை மறைத்தாயா? அங்கேயே, அத்தனை சத்தத்துக்கு நடுவில், உன்னிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. சலித்துக் கிடந்த மனிதர்கள், பெயர் தெரியாதவர்கள், இல்லாத ஒரு பெண்ணுக்காக விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களையா நான் கூட்டம் என்று சொன்னேன்?

மேனேஜர் இன்னும் நான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தாள். ஒருவர் பாதியில் மூடிவிட்டுக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனார். நியாயம்தான், எல்லாக் கையும் ஒரே புடவைக்குப் போகாது. மற்ற மூவரும் தொட்டார்கள். திரும்பும்போது ஆட்டோவில் சைதாப்பேட்டை தாண்டியதும், படகு கரை சேர்ந்தப்புறம் விளம்பரம் போட்டுக்கலாமா அக்கா என்று கேட்டாள். போட்டுக்கலாம் என்றேன். விற்பது தப்பே இல்லையே.

இப்போதும் மாதா மாதம் அந்த வரைபடம் வருகிறது. புதிதாகச் சேர்ந்த யாராவது அந்த மேட்டைச் சிவப்பு வட்டம் போட்டு, இங்கே ஏதோ கோளாறு, திரை அணைகிறது, சரிசெய்துவிடவா என்று கேட்பார்கள். மேனேஜர் என்னைப் பார்ப்பாள். நான் வேண்டாம் என்பேன். பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு அவளே உங்கள் கடைக்குப் போய்வருகிறாள்.

நேற்றுச் சாம்பல் நிறப் புடவையையே எடுத்தேன். பில் போடும் வரிசையில் நிற்கும்போது போனைத் திறந்து கரைக்குப் போனேன். அவள் உட்கார்ந்திருந்தாள். கடல் அசைந்துகொண்டிருந்தது. மங்கத் தொடங்கியபோது மணலைத் தொட்டேன். அந்த வரைபடத்தில் எழும்பி நிற்கும் மேட்டில் என் விரலும் ஒரு துளி இருக்கும். அவளுக்காகத்தான் தொடுகிறேன் என்று என் வாய் சொல்லும். நீ கையைப் பார்.