எத்தனை மணிக்குக் கப்பல் ஏறுவது

மார்ச் 3, செவ்வாய்

பதினொரு மணியை அழுத்திவிட்டேன். அழுத்திய விரலை உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நேரம் கொடுக்கிறவள் நான். "பத்தரைக்கு வாங்க, பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க." எனக்கென்று ஒரு நேரம் எடுக்கத் துப்பில்லை.

மதியம் மகன் கப்பலிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, நீ கப்பல் ஏற வேண்டிய நேரத்தை இன்னிக்குத்தான் திறந்திருக்காங்க. அந்தப் பக்கத்தை எடு. நான் லைன்லயே இருக்கேன்." எடுத்தேன். பதினொன்றிலிருந்து இரண்டரை வரை கட்டம் கட்டமாக இருந்தது. "பதினொண்ணு போடும்மா. பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான் எனக்கு வெளிய வர அனுமதி. பெரிய சமையல்காரர் கால்ல விழாத குறையா கேட்டு வாங்கியிருக்கேன். அரை மணி வரைக்கும் தாமதம் பொறுப்பாங்க. அதுக்கு மேல போனா கடைசி வரிசைதான்."

அவன் அங்கே சமையலறையில் காய்கறிப் பிரிவில் இருக்கிறான். சமையலறை ஆட்கள் பயணிகள் இருக்கும் பக்கமே வரக்கூடாதாம். மூன்று நாளும் ஒரே கப்பலில் இருந்தாலும், ஏறும் வாசலில் அந்த ஒரு மணி நேரம்தான் அவனைப் பார்க்கலாம்.

அவனைப் பார்த்து இருபது மாசம் ஆகிறது. அழுத்தினேன். "சூப்பர்மா" என்றான்.

கப்பல் கிளம்புவது 27-ஆம் தேதி, வெள்ளி. வெள்ளிக்கிழமை எனக்கு டயாலிசிஸ். என் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன, பதினான்கு மாசமாகத் திங்கள் புதன் வெள்ளி நாலு நாலு மணி நேரம் மெஷினில் கிடக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 4, புதன்

ஏன் சொல்லவில்லை என்று என்னையே நூறு தடவை கேட்டாயிற்று. முன்பு பித்தப்பை ஆபரேஷனுக்கு "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவன், அந்தக் கப்பல் வேலை ஒப்பந்தத்தையே இழந்தான். பிறகு பதினொரு மாசம் வீட்டில் எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பு தேறியது. அவனுக்கு முகம் செத்துப் போயிருந்தது. இப்போது இது தெரிந்தால் மறுநாளே பெட்டியோடு நிற்பான். இது ஒரு வாரத்தில் தீருகிற வியாதியா? அதனால்தான் விடுமுறைக்கு வருகிறேன் என்றபோதெல்லாம், "வராதேடா, ஒப்பந்தத்தை நீட்டிக்கோ, பதவி உயரட்டும்" என்று விரட்டினேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பான்.

அவனே டிக்கெட் போட்டுவிட்டான். இந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது, ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை, வாம்மா என்றான். என்ன சொல்லி மறுப்பது?

எனக்குப் பதினொன்றிலிருந்து மூன்று வரையான டயாலிசிஸ் ஷிப்ட். அதே படுக்கையில் காலை ஆறு மணிக்குப் படுப்பவர் கண்டக்டர் ஐயா, பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"முப்பத்தாறு வருஷம் யார் யாரையோ ஏத்தி இறக்கியிருக்கேன். உங்களை ஏத்தி விட மாட்டேனா? போயிட்டு வாங்க." அப்புறம் என் முகத்தையே பார்த்தார். "பையனுக்கு இன்னும் சொல்லலையா?"

"சொல்லக்கூடாதுங்க ஐயா."

"டிக்கெட் எடுக்காம ஏறினவங்க மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும்மா. உங்க மூஞ்சி இப்ப அப்படியே இருக்கு."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

நேரத்தை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் இடிக்கிறது. ஆறேகாலுக்கு ஊசி ஏறினால் பத்தேகாலுக்கு முடியும். ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக் கிளம்பப் பத்தரை. துறைமுகம் இரண்டு மணி நேரம். பன்னிரண்டரைக்குப் போய் நிற்பேன். அவன் உள்ளே போய் அரை மணி ஆகியிருக்கும்.

மெஷின் பார்க்கிற தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்கு ஒருநாள் மூணு மணி நேரத்துல எடுத்துட முடியுமா?"

"நீங்களா எடுக்கச் சொன்னீங்கன்னு கையெழுத்து போட்டா எடுத்துத்தான் ஆகணும். போட்டுடாதீங்கம்மா" என்றான். அவனுக்கு என் மகன் வயசுதான் இருக்கும்.

டாக்டரம்மா அதைவிடக் கறார். "தாராளமா போயிட்டு வாங்க. ஆனா வெள்ளிக்கிழமை முழுசா நாலு மணி நேரம் ஓடியிருக்கணும். திங்கக்கிழமை நேரா இங்க வந்து படுக்கணும். நடுவுல சனி, ஞாயிறு ரெண்டு நாள் மெஷின் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும். கப்பல்காரங்களுக்கு எழுதிக் கொடுக்காம ஏறவே கூடாது."

தலையை ஆட்டினேன். பூம்பூம் மாடு தோற்றது.

மார்ச் 8, ஞாயிறு

மூச்சு.

நேற்று அளவை மீறிக் கொஞ்சம் தண்ணீர் கூடக் குடித்துவிட்டேன். வெயில், தாகம், ஒரே ஒரு டம்ளர். இன்றைக்கு மதியம் படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே எழுதுகிறேன். பாதம் வீங்கி விரல் வைத்தால் பள்ளம் விழுகிறது.

நாலு மணி நேரம் முழுசாக ஓடியும் இந்தக் கதி. ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு போனால்? இதே ஞாயிற்றுக்கிழமை நடுக்கடலில் வரும். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு தண்ணீர், உள்ளே எனக்குள்ளும் தண்ணீர். யாரைக் கூப்பிடுவேன்? கூப்பிட்டால் அவனுக்குத்தான் முதலில் போய்ச் சொல்வார்கள். கப்பல் சமையலறையில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவான் —

போக வேண்டாம். சளி, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லிவிடலாம்.

மார்ச் 9, திங்கள்

மெஷின் உடம்பிலிருந்து மூன்று கிலோ இருநூறு தண்ணீரை எடுத்தது. உயிர் திரும்பி வந்தது. ஆசையும் கூடவே வந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

கப்பல் கம்பெனியின் உடல்நலப் படிவத்தைத் திறந்தேன். "கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் உண்டா?" என்று கேட்டு, உலகத்தில் உள்ள வியாதி எல்லாம் வரிசையாக நின்றது. இல்லை என்று ஒரு தட்டு தட்டினால் போதும். இரண்டு தரம் தட்டி, இரண்டு தரம் அழித்தேன். எத்தனை பேர் கண் மருத்துவமனையில் சர்க்கரையை மறைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

உண்மையை எழுதினேன். டாக்டரம்மாவின் கடிதத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். உணவு பற்றிக் கேட்ட கட்டத்திலும் எழுதினேன்: உப்பு வேண்டாம், தக்காளி வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், உருளைக்கிழங்கை, தண்ணீரை மாற்றி, இரண்டு தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அனுப்பு என்பதை அழுத்திய பிறகுதான் தோன்றியது. அவனுக்குத் தெரிந்துவிடுமோ? சே, எப்படித் தெரியும்? இது கப்பல் டாக்டருக்குப் போகிற காகிதம். டாக்டர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

பதில் இல்லை. வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும். பழி அவர்கள் மேல் போகும். இதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

சம்மதமாம். அன்று காலை டயாலிசிஸ் செய்துகொண்ட சீட்டைக் காட்ட வேண்டுமாம். மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆபத்து, வா வா என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றிலிருந்து முக்கால் லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. வாய் ஒட்டிக்கொள்கிறது. கப்பல் ஞாயிற்றுக்கிழமைக்கு இது ஒத்திகை. பரவாயில்லை, மூச்சு வாங்கவில்லை. ஆனால் இது முழு நாலு மணி நேரத்துக்குப் பிறகு வந்த ஞாயிறு. என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

முழுக்கை வைத்த சட்டை ஒன்று போட்டுப் பார்த்தேன். இடது கையில் ஊசி ஏறுகிற இடம் புடைத்துக் கயிறு மாதிரி நிற்கிறது, விரல் வைத்தால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடும். துணிக்கு மேலேயும் கொஞ்சம் தெரிகிறது. சால்வையை அந்தப் பக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டிப்பிடித்தால்? வலது பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிறேனா, சோதனைச் சாவடியைத் தாண்டப் போகிறேனா?

முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து போடுவேன். ஒன்பதேகாலுக்கு ஊசியை எடுத்தால் பதினொன்றரைக்குப் போய்விடலாம். இந்தத் தடவை விட்டால் மறுபடி எப்போது பார்ப்பேன் என்று எனக்கு யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் கூப்பிட்டான். "அம்மா, பதினொண்ணு வேண்டாம். ஒரு மணியா மாத்திக்கோ. என் இடைவேளையை ஒண்ணுலேர்ந்து ரெண்டுன்னு மாத்திட்டாங்க."

"ஏண்டா?"

"சும்மாதான். ஆள் பத்தலை." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "காலையில அவசரப்படாதேம்மா. எல்லாம் முடிச்சுட்டு மெதுவா கிளம்பி வா."

மாற்றுவதற்கு நாளைவரை நேரம் இருந்தது. ஒரு மணிக் கட்டத்தில் ஒரே ஓர் இடம் மிச்சம். இந்தத் தடவை அந்த விரலுக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, எனக்கு ஃபோனிலேயே வந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன்.

ஆனால் அவன் குரல் ஏன் அப்படி இருந்தது? சளி பிடித்திருக்கிறதோ? அங்கே யாராவது திட்டினார்களோ? ஒரு பயம் போனால் அடுத்தது தயாராக வரிசையில் நிற்கிறது.

மார்ச் 27, வெள்ளி

அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் நகர ஆரம்பித்துவிட்டது.

காலையில் மூன்றாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தது. மெஷின் கத்தியது, காது அடைத்தது, தம்பி ஓடி வந்து கால் பக்கத்தை உயர்த்தினான். "கப்பல் போயிடுமா?" என்று கேட்டேனாம். "நீங்க போயிடாம இருங்க முதல்ல" என்றானாம். பத்து நிமிஷத்தில் சரியானது. கையெழுத்து போட்டிருந்தால் அந்த நிலையில்தான் எழுந்து ஓடியிருப்பேன். பத்தே முக்காலுக்குக் கிளம்பி, ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தேன். கடிதத்தையும் சீட்டையும் ஒரு பெண் வாங்கிப் பார்த்தாள், முத்திரை குத்தினாள், சிரித்தாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் செத்தேன்?

ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றான். இளைத்திருக்கிறான். நான் திட்டம் போட்டபடி வலது பக்கம் திரும்புவதற்குள் முன்னால் வந்து, என் இடது கையிலிருந்த பையை வாங்கினான்.

"இந்தக் கையில எடை தூக்கக் கூடாதும்மா" என்றான்.

சால்வையை இழுத்து அந்தக் கையை மூடினேன்.

"டயாலிசிஸ் பயணின்னு போட்டு, பத்தியச் சாப்பாட்டு லிஸ்ட் செவ்வாய்க்கிழமை காலையில எங்க பிரிவுக்கு வந்துச்சு. உப்பு இல்லாம, தக்காளி இல்லாம, உருளைக்கிழங்கு ரெண்டு தண்ணில. யாரோ பாவம்னு நெனச்சேன். அறை நம்பரைப் பார்த்தேன். நான் போட்ட டிக்கெட்." மூக்கை உறிஞ்சினான். "அழுதுட்டேம்மா. பெரிய சமையல்காரர் வெங்காயம்னு நெனச்சுட்டாரு. நான் கேரட்தான் வெட்டிட்டு இருந்தேன்."

"உன் இடைவேளை…"

"நான்தான் மாத்தச் சொன்னேன். கப்பல் நர்ஸ் அக்காகிட்ட கேட்டேன், ஏறுற அன்னிக்குக் காலையில நாலு மணி நேரம் ஓடும்னாங்க. அப்புறம் ரோடு ரெண்டு மணி நேரம். பதினொரு மணின்னு நான் சொன்னா நீ எதையாவது பாதில பிடுங்கிட்டு ஓடி வருவேன்னு தெரியும்."

மன்னிச்சுக்கோடா என்றேன். வேலையை மட்டும் விட்டுடாதேடா என்றேன். எது முதலில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவன் என் சட்டைக் கையை மேலே சுருட்டி, புடைத்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். ரத்தம் விர்ரென்று ஓடுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தான். அப்புறம் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வேலையை விட்டுவிடுவானோ?

மார்ச் 28, சனி

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டின் மூடியைத் திறந்தேன். வெந்த காய்கறி, நூல் பிடித்த மாதிரி ஒரே அளவில். அவன் வெட்டியதுதான். தட்டுக்குக் கீழே மடித்த தாள்.

"அம்மா, ஒப்பந்தம் இன்னும் அஞ்சு மாசம். முடிச்சுட்டுத்தான் வருவேன், பயப்படாதே. ஆனா வருவேன். வராதேன்னு நீ சொன்னா இனிமே கேட்க மாட்டேன். திங்கக்கிழமை காலையில கப்பல் கரைக்கு வந்ததும் ரெண்டரை வரைக்கும் வெளிய அனுமதி கிடைச்சிருக்கு. உன்கூட டயாலிசிஸுக்கு வரேன். ஒரு மணி நேரமாவது பக்கத்துல உட்காருவேன். ஊசி போடறதைப் பார்த்து அழ மாட்டேன். சத்தியம்."

இரண்டு தரம் படித்தேன். உப்பில்லாத காயை ஒன்று விடாமல் சாப்பிட்டேன்.

அழ மாட்டானாம். பொய் சொல்வதில் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்.