இத்தா அறையில் ஓடிய படம்

1983 மார்ச் 8

அவங்க பெட்டி இன்று வந்தது. தம்மாமிலிருந்து லீவில் வந்த பக்கத்துத் தெருக்காரர் வாசலில் இறக்கி வைத்து, மாமியிடம் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவங்க அங்கே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மவுத்தாகி இரண்டு மாதம் ஆகப்போகிறது. கபுர் அங்கே. பெட்டி இங்கே.

இரண்டு கைலி, ஒரு சவர செட்டு, ஜைனம்புக்கு ஒரு கவுன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், சேராது. அப்புறம் படம் காட்டும் மிஷின் ஒன்று, உள்ளங்கை அளவில் ஒரு ரீல். கூட வேலை பார்த்த நடராசன் கடிதம் வைத்திருந்தார். அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்துக்காரர். "இந்த நோன்புக்கு ஊருக்கு வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கழுவ அனுப்பிய ரீல் அவர் போன பிறகுதான் வந்தது. யாரும் பார்க்கவில்லை."

ரீலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 9

இந்த வீட்டில் படம் மாட்டுவதில்லை. மாமி விடமாட்டார்கள், தொழுகிற வீடு என்பார்கள். நிக்காஹுக்கும் போட்டோ எடுக்கவில்லை. அவங்க முகம் இருந்தது பாஸ்போர்ட்டில் மட்டும்தான். அது கம்பெனியோடு போயிற்று.

கல்யாணமாகி அவங்களோடு இரண்டு மாதம்தான் இருந்தேன். அவங்க சவுதிக்குப் போய் மூன்று வருடமாகிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: எனக்கே முகம் மறந்துகொண்டு வருகிறது. மூக்கு வருகிறது, கண் வருவதில்லை. ஜைனம்பு பார்த்ததே இல்லை. அந்த ரீலில் ஒரே ஒரு தடவை அவள் பார்த்துவிட்டால் போதும்.

மார்ச் 10

பல்பு வெடித்துவிட்டது.

இத்தா முடிய இன்னும் எழுபது நாள் இருக்கிறது. புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இந்த அறைக்குள் இருக்கவேண்டும். கொழுந்தன் சுல்தான்கூடத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுகிறான். ஆகவே அவன் அங்கிருந்து சொல்ல, நான் இங்கிருந்து பிளக்கைச் சொருகினேன். "போடுங்க அண்ணி" என்றான். போட்டேன். படீர் என்று ஒரு சத்தம், கருகிய வாடை.

அங்கே கரண்ட் நூற்றுப் பத்தாம், நமக்கு இருநூற்று முப்பது. மிஷினுக்கு அடியிலேயே அதை மாற்றும் திருகு இருந்திருக்கிறது! இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் சவுதி ரேடியோவும் மிக்ஸியும் இப்படிப் புகைந்திருக்கின்றன. தெரிந்திருந்தும் பார்க்காமல் போட்டோம். ஆத்திரத்தில் அவனைக் கண்டபடி திட்டிவிட்டேன். அவனுக்கும் அண்ணன்தானே.

மார்ச் 11

கருகிய பல்பைக் கழற்றி, மாதிரிக்கு வேண்டியிருக்கும் என்று திரைக்கு அடியில் தள்ளினேன்.

மார்ச் 29

சுல்தான் மெட்ராஸ் போய் பர்மா பஜாரில் அலைந்து பல்பு வாங்கி வந்துவிட்டான். பஞ்சில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு பெரம்பலூர் வரை பஸ்ஸில் வந்தானாம். திரைக்கு அடியில் தள்ளிவிட்டு, "இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணி, தெரிஞ்சவர வச்சுக் கேட்டுக்கலாம்" என்றான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த பூசல் மாமியோடு. "படமே ஆகாதுங்கிறேன். அதுல எத்தனை ஆம்பளைங்க இருக்கானுவளோ. இத்தாவுல இருக்கிறவ பாக்கலாமா?" ஜைனம்பைப் பிடித்து அவர்கள் முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வரை பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை அவர்கள்.

ஏப்ரல் 3

மாமி சுண்ணாம்பு கரைத்து, மேற்குச் சுவரைத் தானே வெள்ளையடித்தார்கள். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலேயே விளக்கு வேண்டும் என்று இவ்வளவு நாள் நொந்துகொண்டிருந்தேன். படம் காட்ட இதைவிடத் தோதான அறை ஊரிலேயே இருக்காது.

துக்கம் கேட்க வந்த ஒருத்தி போகிற போக்கில், "இத்தா வூட்ட சினிமாக் கொட்டாயா ஆக்கிட்டாளாமே" என்றாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள். விழுந்தது.

ஏப்ரல் 7

டூரிங் டாக்கீஸில் மிஷின் ஓட்டும் சாமிதுரை வந்தார். சுல்தான் கூட்டி வந்தான். திரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிஷினை வாங்கிப் பார்த்துத் திருகை மாற்றிக் கொடுத்தார். "எங்க மிஷின் ஆள் ஒசரம்மா. இது பொம்மையாட்டம் இருக்கு. ஆனா பிலிம் போற வழி ஒண்ணுதான்."

ரீல் முனையில் வெறுமனே இருந்த நாடாவை வைத்து எட்டுத் தடவை மாட்டிப் பழகினேன். "ஓட்டைய பல்லுல ஒக்காத்துங்க. மேல கொஞ்சம் தொளதொளன்னு விடுங்க. இறுக்கினா அந்துடும்." அவர் பார்க்கவில்லை, ஆனாலும் சத்தத்தை வைத்தே, "இல்லம்மா, பிலிம் மேல மூடுற கதவு சரியா மூடல" என்கிறார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. அவர் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாமி கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். நான் தலையைக் குனிந்து மிஷினை மட்டும் பார்க்கவேண்டும். அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். "வேற எவன் வந்தாலும் நீ நிமிரக்கூடாது. அவன் மூஞ்சி வந்தா நான் சொல்றேன். அப்ப பாரு."

படமே ஆகாது என்றவர்கள். எனக்காகப் பார்க்கிறேன் என்கிறார்கள்.

ஏப்ரல் 8

ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டபின் போட்டோம். ஜைனம்புக்குத் தலை வாரி, "அத்தாவப் பாக்கப் போறோம்" என்று காலையிலிருந்து சொல்லி வைத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

விளக்கை அணைத்தேன். மிஷின் கடகடவென்று ஓடியது. தலையைக் குனிந்துகொண்டேன். என் கைமேல் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது, மஞ்சள், வெள்ளை, கொஞ்சம் நீலம். மாமி எப்போது சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பாதி ரீல் ஓடிவிட்டது. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அத்தா! அத்தா!" என்று ஜைனம்பு கை தட்டினாள்.

நிமிர்ந்துவிட்டேன். சுவரில் யாரோ ஒருவர், பனியனோடு, சோற்றுக் கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவங்க இல்லை. முகம் மறந்தாலும் இது தெரியாதா? நடராசனாக இருக்கவேண்டும். மறுபடி குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரீல் முடிந்து வால் பட்பட்டென்று அடித்தது.

மாமி இருட்டிலேயே சொன்னார்கள்: "அவன் வரவே இல்லடி."

படம் எடுத்தது அவங்க. எடுக்கிறவர் எப்படிப் படத்தில் வருவார்? இது எனக்கும் தோன்றவில்லை, மாமிக்கும் தோன்றவில்லை, மெட்ராஸ் வரை போய் வந்தவனுக்கும் தோன்றவில்லை. ஒரு மாதமாக மூன்று பேரும் சேர்ந்து எதற்கு இவ்வளவு பாடு பட்டோம்.

ஏப்ரல் 9

ஜைனம்பு காலையிலிருந்து சுவரைக் காட்டி, "அத்தா சோறு ஆக்குறாங்க" என்கிறாள். மாமி ஒரு தடவை "அது இல்லம்மா" என்று ஆரம்பித்தார்கள். முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

மே 21

நேற்றோடு இத்தா முடிந்தது. குளித்தேன். திரையை எடுத்துவிட்டார்கள்.

இன்று தனியாகப் போட்டு முழுக்கப் பார்த்தேன். ரோடு. லாரி. பலகை அடித்த அறையில் மேலும் கீழுமாகக் கட்டில்கள். அதில் ஒன்றை அவங்க பக்கத்தில் போய்க் காட்டுகிறார்கள், தலைமாட்டில் எங்கள் வீட்டுத் தலையணை உறை. நடராசன், கரண்டி. அதற்கப்புறம் மணல். மணலில் நீளமாக ஒரு நிழல், இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாலைந்து வினாடி.

அவங்கதான். பின்னால் வந்து நின்ற மாமி, "அத மட்டும் இன்னொருக்கா போடு" என்றார்கள். நாலு தடவை போட்டேன்.

ஜூன் 5

நடராசன் வந்தார். லீவில் வந்து மூன்று நாள்தான் ஆகிறதாம், அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஜைனம்பு, "அத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். மாமிதான் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்து அழுதார்.

"அன்னைக்கு அண்ணன் இரவல் வாங்கிட்டு வந்த கேமராவ என் கையில குடுத்தாரும்மா. 'டேய், என்னைய ஒண்ணு எடுடா'ன்னாரு. வெல கூடுன சாமான், கை தவறிட்டா என்ன பண்றதுன்னு நான்தான் வாங்கல. நாளைக்கு எடுத்துக்கலாம்ணேன்னு சொல்லிட்டேன். எம்புத்திய..."

யாரைத் திட்டுவது? நானாக இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்று கேட்டேன், "அவங்க முகம் எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன்." கேட்ட பிறகு உடம்பெல்லாம் கூசியது. புருஷன் முகத்தை அடுத்தவரிடம் கேட்கிறேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னார். நெற்றி ஏறியிருந்ததாம். வெயிலில் கழுத்து மட்டும் கறுத்துவிட்டதாம். போன வருடம் குழாய் பட்டு முன்பல் பாதி உடைந்துவிட்டதாம், அதிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாங்களாம்.

கடிதத்தில் பல்லைப் பற்றி எனக்கு எழுதவே இல்லை.

ஜூன் 6

நேற்று நடராசன் போகும்வரை ஜைனம்பு அவர் மடியை விட்டு இறங்கவில்லை. "அப்படிக் கூப்பிடாதடி" என்று நான் இழுக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 20

நோன்பு. வேலை அதிகம்.

படுக்கப் போகும்போது ஜைனம்பு, "அத்தா மறுபடி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அடுத்த லீவுக்கு என்றேன்.